பதினொரு பேரில் யார் கண்ணால் கதை சொல்வது?

கேள்வியின் சுருக்கம் இது. காவிரிப் படுகையை மாதிரியாக வைத்து ஒரு கற்பனை நாடு. தலைமடைக்கும் கடைமடைக்கும் தண்ணீர்த் தகராறு, அது போராக மூள்கிறது. ஆற்றை அடக்கத் தெரிந்த ஒரு மந்திரக்காரி இருக்கிறாள். மூன்று பாகமாக எபிக் ஃபேண்டஸி எழுதத் திட்டம். அரசன், பட்டத்தரசி, இளவரசன், தளபதி, ஒற்றன், மந்திரக்காரி, அவளுடைய மாணவி, கணவனுக்குப் பிறகு கரைக்காவல் பார்க்கும் ஒரு கடைமடைப் பெண், துறைமுக வணிகன், கோயிலில் ஆடும் பெண், எதிரி நாட்டரசன் என்று பதினொரு பேருடைய கோணத்திலும் அத்தியாயங்கள் உண்டு. பத்தாவது அத்தியாயத்தோடு கதை நின்றுவிட்டது. எத்தனை பேரை வைப்பது, யாரை வைப்பது?

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம். முதல் பாகம் 1,50,000 சொற்கள், அத்தியாயத்துக்கு 2,500 சொற்கள் என்றால் 60 அத்தியாயங்கள். பதினொரு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஐந்தோ ஆறோதான் வரும். மாணவியை விட்டுப் போய் மறுபடி அவளிடம் வருவதற்குள் வாசகர் பத்து அத்தியாயம், அதாவது 25,000 சொற்கள் தாண்டியிருப்பார். ஒரு குறுநாவலே அவ்வளவுதான். அதற்குள் அவள் ஆசானிடம் சொன்ன பொய் வாசகருக்கு மறந்திருக்கும். அதை நினைவூட்ட நீங்கள் ஒரு பக்கம் செலவழிப்பீர்கள், எல்லார் அத்தியாயத்திலும் அதே செலவு விழும். பத்தாவது அத்தியாயத்தில் நின்றதற்கும் இதுதான் காரணம். பத்துப் பேரை அறிமுகம் செய்து முடித்திருக்கிறீர்கள், அவர்களில் ஒருவர்கூட இரண்டாவது அடி எடுத்துவைக்கவில்லை. நாலு பேர் என்றால் ஆளுக்குப் பதினைந்து அத்தியாயம் கிடைக்கும், இடைவெளி மூன்று அத்தியாயமாகச் சுருங்கும். முதல் பாகத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர் வரை போதும். வேண்டுமானால் இரண்டாம் பாகத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

யாரை என்பதுதான் கஷ்டமான பகுதி. எழுத வருபவர்களில் பெரும்பாலோர் கதையில் யார் முக்கியமோ அவருக்குக் கோணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். முக்கியமானவரைப் பற்றி எழுத அவருடைய மண்டைக்குள் நுழைய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கோணம் போக வேண்டியது, நடப்பதில் ஒரு பாதி மட்டும் தெரிந்து, தெரியாத பாதியால் அடிபடப்போகிறவருக்கு. உங்கள் கதையே தண்ணீர்க் கதை. மதகைத் திறப்பது யார் என்பது தலைமடையில் இருப்பவனுக்குத் தெரியும். ஏன் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று கடைமடையில் இருப்பவள் ஊகிக்கத்தான் முடியும். அவள் ஊகம் தப்பாகப் போகும்போது கதை நகர்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வேலை இருக்கிறது. ஒரு சாயங்காலம் ஒதுக்கிச் செய்துவிடலாம். முதல் பாகத்தில் நடக்கும் பெரிய நிகழ்வுகளை ஒரு நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இருபது, இருபத்தைந்து வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு கட்டம்: யார் அங்கே இருந்தார், யாருக்கு இழப்பு, யார் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார், யார் அதற்குப் பிறகு ஏதாவது செய்தே ஆக வேண்டும். பெயர்களை நிரப்புங்கள். எவர் பெயர் ஒரே வரியில் மூன்று கட்டங்களில் விழுகிறதோ அவர்தான் அந்த நிகழ்வின் கண். பிறகு, எல்லா வரிகளையும் தொட மிகக் குறைந்தது எத்தனை பேர் தேவை என்று பாருங்கள். அனேகமாக நாலு பேரில் முடியும். ஒன்றிரண்டு வரி தொடாமல் நின்றால், அந்த நிகழ்வை யாராவது வந்து சொல்லிக் கேட்டால் போதுமா என்று யோசியுங்கள். முக்கால்வாசி நேரம் போதும். அரசவையில் நடந்த வாக்குவாதத்தைக் கண்ணால் பார்ப்பதைவிட, அது மூன்று வாய் மாறி ஊர்ச் சாவடிக்கு வந்துசேரும்போது என்னவாக ஆகியிருக்கிறது என்பது சுவாரசியம்.

இந்தக் கணக்கில் உங்கள் அரசன் விழுந்துவிடுவான் என்று நினைக்கிறேன். அவன் விழுவதே நல்லது. அரசன் கோணத்தில் எழுதும்போது இரண்டு தொல்லை வரும். அவனுக்கு எல்லாத் தகவலும் வந்து சேர்கிறது, ஆகவே மர்மம் எதுவும் மிஞ்சாது. எந்தச் சிக்கலுக்கும் அவன் வேறு யாருக்காவது கட்டளையிடுகிறான், ஆகவே அவன் உடம்பு எதையும் செய்வதில்லை. ஐந்து அத்தியாயம் அவன் உட்கார்ந்தே இருப்பான்.

அவனுக்குப் பதில் யார் என்பதற்கு உங்கள் மண்ணிலேயே ஒரு வரிசை இருக்கிறது. சோழர் ஆட்சியில் ஒரு கட்டளை எப்படி ஊர் வந்து சேர்ந்தது என்பதைச் செப்பேடுகள் படிப்படியாகச் சொல்கின்றன. நாகப்பட்டினத்து சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஊர் கொடுத்ததைப் பதிந்த ஆனைமங்கலச் செப்பேடு அதற்கு நல்ல உதாரணம். அரசன் வாயால் சொல்கிறான், அதற்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். திருமந்திர ஓலை எழுதுபவர் அதை எழுதுகிறார். அவருக்கு மேலே இருக்கும் ஓலைநாயகம் சரிபார்க்கிறார். வரிக் கணக்கில் ஏறுகிறது. திருமுகம், அதாவது அரசனின் கடிதம், அந்தப் பகுதியின் நாட்டுச் சபையாரான நாட்டாருக்குப் போகிறது. கடைசியில் ஒரு பெண்யானையை நடக்கவிட்டு அது சுற்றிவந்த எல்லையில் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். இந்த வரிசையில் எத்தனை கண்கள்! ஓலை எழுதுபவன் அரசன் சொன்னதையும் கேட்டான், எழுதச் சொன்னதையும் எழுதினான். இரண்டுக்கும் இடையில் ஒரு சொல் மாறியது அவனுக்கு மட்டும் தெரியும். யானைப்பாகனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எல்லை எந்த மேட்டில் வளைந்தது என்பதை அவன் கால் அறியும். உங்கள் பட்டியலில் இப்படி ஒரு ஆள் இல்லை. அரசன், பட்டத்தரசி, இளவரசன் மூவரையும் எடுத்துவிட்டு ஓலை எழுதும் ஒருவனைக் கொண்டுவாருங்கள். அரண்மனைக் காட்சி அத்தனையும் அவன் ஒருவனால் வந்துவிடும். அவன் அங்கே பேச முடியாது என்பது இன்னும் நல்லது.

ஒற்றனை எடுத்துவிடச் சொல்வதற்குக் காரணம் வேறு. அவனுக்கு ஒரு ரகசியம் தெரியும், அதை இருபத்தைந்தாவது அத்தியாயம் வரை வாசகரிடம் மறைக்க விரும்புகிறீர்கள். ஒருவன் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, அவன் இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை மட்டும் சொல்லாமல் விடுவது ஏமாற்று வேலை. ரகசியம் உடையும்போது வாசகருக்கு வியப்பு வராது, எரிச்சல்தான் வரும். வழிகள் மூன்று. அவனை வெளியிலிருந்தே காட்டலாம். ரகசியத்தை முதல் அத்தியாயத்திலேயே உடைத்து, எப்போது மாட்டிக்கொள்வான் என்ற பயத்தை வைத்து எழுதலாம். அல்லது அவனுக்கே பாதிதான் தெரியும் என்று கதையை மாற்றலாம். இரண்டாவது வழி பலமானது, ஆனால் அதற்கு ஒற்றன் கதையின் நடுவில் வந்து நிற்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அது தேவைப்படாது.

மந்திரக்காரிக்கும் இதே கதிதான். ஆற்றை நிறுத்தக்கூடியவள் மனதுக்குள் நாம் இருந்தால், வெள்ளம் வரும் ஒவ்வொரு தடவையும் “நிறுத்தேன்!” என்று வாசகர் கத்துவார். அவள் ஏன் நிறுத்தவில்லை என்பதை ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டிவரும். மாணவியின் கண்ணால் பார்த்தால் அந்தக் கேள்வியே கதையாகிவிடும். மந்திரத்தின் விதிகளை அவள் கற்கும்போது வாசகரும் கற்றுக்கொள்வார். மந்திரத்துக்கு ஒரு விலை உண்டென்றால், உதாரணமாக ஒருமுறை ஆற்றை நிறுத்தினால் ஒரு வருஷம் நாக்கில் ருசி போய்விடும் என்றால், அந்த விலையைச் செலுத்துகிற உடம்பு கோணம் உள்ள உடம்பாக இருக்க வேண்டும். ஆசான் மோர்ச்சோற்றை முகம் மாறாமல் சாப்பிடுவதை முதலில் மாணவி வெறுமனே பார்க்கட்டும், காரணம் தெரியாமல். இருபது அத்தியாயம் கழித்து அவள் வாயிலேயே ருசி போகும்போது வாசகருக்கு முன்னது புரியும்.

தளபதியும் கரைக்காவல் பெண்ணும் இருக்கட்டும். இவர்களை ஏன் சேர்த்து வைக்க வேண்டும் என்பதை ஒரே நிகழ்வைக் கொண்டு காட்டுகிறேன். ஆறு உடைத்துக்கொள்கிறது. முதலில் அவள்:

“வயல் பக்கச் சரிவில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் கசிவு. கையில் அள்ளிப் பார்த்தாள். சாயங்காலம் தெளிவாக இருந்த தண்ணீர் இப்போது கலங்கல். உள்ளே மண் கரைகிறது. நண்டு வளையாக இருக்கும். இருபது கட்டு வைக்கோலும் பத்து மூங்கிலும் இருந்தால் விடியும்வரை தாங்கும். மூங்கில் இருந்தது. வைக்கோலை முந்தாநாள்தான் படைக்குதிரைக்கு என்று ஏற்றிப்போனார்கள்.”

அடுத்த அத்தியாயத்தில் அவன்:

“நூறு அடி அகலம் என்றார்கள். விடிவதற்குள் இருநூறாகும் என்றார்கள். அவன் நிலப்படத்தில் விரலை வைத்தான். நானூறு குதிரையும் தென்கரையில். எதிரி வடகரையில். இன்று ராத்திரி எவனும் தாண்ட முடியாது. முதல் தடவையாக அந்த வாரத்தில் அவன் படுத்தவுடன் தூங்கினான்.”

வைக்கோலை எடுக்கச் சொன்னவன் அவன். அதனால்தான் கரை உடைந்தது என்பது அவனுக்குத் தெரியாது, எடுக்கச் சொன்னவன் அவன் என்பது அவளுக்குத் தெரியாது. வாசகர் ஒருவருக்கே இரண்டும் தெரியும். இரண்டு கோணம் வைப்பதன் கூலி இதுதான். ஒருவர் பார்த்ததையே இன்னொருவர் திரும்பப் பார்ப்பதாக இருந்தால் இரண்டாவது ஆள் தண்டச்சோறு. இன்னொன்றையும் கவனியுங்கள். அவள் கட்டுக் கணக்கில் எண்ணுகிறாள், அவன் குதிரைக் கணக்கில் எண்ணுகிறான். அவள் கையால் தெரிந்துகொள்கிறாள், அவன் காதால். ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த ஆள் எதைக் கொண்டு அளப்பார், எதை முதலில் கவனிப்பார், எதைக் கவனிக்கவே மாட்டார் என்று எழுதிவையுங்கள். பெயரை மறைத்துவிட்டு நடுவிலிருந்து ஒரு பத்தியைப் படித்தால் யாருடையது என்று தெரிய வேண்டும். தெரியவில்லையானால் அந்த இருவரையும் ஒருவராக்கிவிடலாம்.

தமிழில் எழுதுபவருக்கென்றே சில இடறல்கள் உண்டு. எழுதும் கலை பற்றிய ஆங்கிலப் புத்தகங்களில் இவை கிடைக்காது.

ஒன்று, மரியாதை விகுதி. படர்க்கையில் எழுதினாலும் வினைமுற்று யாருடைய கண் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். கரைக்காவல் பெண்ணின் அத்தியாயத்தில் அரசர் “வந்தார்”. அரசனின் தாய் நடத்தும் அத்தியாயம் ஒன்று இருந்தால் அதில் அவன் “வந்தான்”. எதிரியின் முகாமில் அவன் “வந்தான்” என்பதில் வெறுப்பு இருக்கும், தாயிடம் இருப்பது வேறு. எல்லா அத்தியாயத்திலும் ஒரே விகுதியைப் போட்டால் ஐந்தாவதாக ஒரு கதைசொல்லி, நீங்கள்தான், நடுவில் நின்று பேசுவதுபோல் ஆகிவிடும். அதனால் ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: இடமிருந்து வலமாகக் கோணம் உள்ள நாலு பேர், மேலிருந்து கீழாக மற்ற எல்லாரும், கட்டத்துக்குள் அவனா, அவரா, அவர்களா, என்ன முறை வைத்துக் கூப்பிடுவார் என்பது. தளபதிக்கு “அத்தை” என்றிருப்பவள் ஓலைக்காரனுக்கு “பெரிய ஆச்சி”யாக இருக்கலாம். கதை போகப் போக ஒரு கட்டம் மாறினால், தளபதி அரசனை “அவர்” என்பதை விட்டு “அவன்” என்று நினைக்கத் தொடங்கினால், ஒரு வரி விளக்கம் இல்லாமலே கலகம் தொடங்கிவிட்டது என்று வாசகர் தெரிந்துகொள்வார்.

இரண்டாவது, நான்காம் வேற்றுமை. “அவனுக்கு வலித்தது”, “அவளுக்குப் பிடிக்கவில்லை”, “அரசனுக்குச் சந்தேகம் வந்தது” என்று தமிழ் மனசுக்குள் போகும் வழி பெரும்பாலும் இந்தக் “கு”தான். கோணம் அடுத்தவர் தலைக்குத் தாவுவதும் இதன் வழியாகத்தான், எழுதுபவர் கண்ணில் படாமல். திருத்தும்போது ஒரு அத்தியாயத்தை எடுத்து இப்படிப்பட்ட “கு” வாக்கியங்களையும், “நினைத்தான், உணர்ந்தாள், தோன்றியது” ஆகியவற்றையும் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டத்துக்குள் இருப்பது அந்த அத்தியாயத்தின் ஆளாக இல்லாவிட்டால் வாக்கியத்தை வெளியே கொண்டுவாருங்கள். ஓலைக்காரன் அத்தியாயத்தில் “அரசருக்குக் கோபம் வந்தது” கூடாது. “அரசர் வெற்றிலையை மடித்தார், சுண்ணாம்பு தடவவில்லை” என்றால் அது ஓலைக்காரன் கண்ணில் பட்டது.

வட்டார வழக்கை உரையாடலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2,500 சொல்லும் பேச்சு வழக்கிலேயே ஓடினால் அந்தக் கோணம் வரும்போதெல்லாம் வாசகர் வேகம் குறைந்து, அடுத்த ஆளுக்குத் தாண்டிவிடுவார். தொழிற்சொற்கள் மட்டும் கதைசொல்லலிலும் வரட்டும்: மதகு, கலிங்கு, உடைப்பு, நாற்றங்கால், கோரை, படுகை.

நாலு பேரும் நாலு இடத்தில் இருப்பதால் நாள் கணக்கு குழம்பும். அத்தியாயத் தலைப்பை எழுதும் தாளில் “நாள் 1, நாள் 4” என்று போட்டுக்கொண்டே வாருங்கள். வேகங்களுக்கு நிஜப் படுகையையே அளவுகோலாக எடுக்கலாம். கல்லணையிலிருந்து பூம்புகாருக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் போகும் குதிரைக்காரன் மூன்று நாளில் கடலைப் பார்த்துவிடுவான். தண்ணீர் அப்படி வராது. மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகிறது, அதற்குக் கீழே காய்ந்து கிடக்கும் மணலும் வாய்க்காலும் முதலில் குடித்துத் தீர்த்த பிறகுதான் கடைமடைக்கு மிச்சம். ஆகவே உங்கள் நாட்டிலும் செய்தி முந்தும், தண்ணீர் பிந்தும். மதகு திறந்தாகிவிட்டது என்ற சேதி கரைக்காவல் பெண்ணுக்கு வந்து பல நாள் கழித்தும் வாய்க்காலில் ஈரமில்லை. அந்த நாட்களில் ஊர் அவளைத்தான் கேட்கும். அவளுடைய இரண்டு அத்தியாயங்களை அதற்குள் வையுங்கள். நடுவில் ஓலைக்காரன் அத்தியாயம் ஒன்றைப் போட்டு, மதகைத் திறக்கச் சொன்ன ஓலை இன்னும் முத்திரை விழாமல் கிடப்பதை வாசகருக்கு மட்டும் காட்டலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை, கேள்விக்கு வெளியே என்றாலும். கல்லணையில் இன்று பிரியும் நாலில் ஒன்றான கல்லணைக் கால்வாய், ஊரில் புது ஆறு என்பது, 1934-இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது. பழைய காலம் மாதிரி நாடு கட்டுகிறீர்கள் என்றால் நிலப்படத்தில் அதை அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள். தஞ்சாவூர்க்காரர் ஒருவராவது பிடித்துவிடுவார்.

வரிசை பற்றி: முதல் 20,000 சொற்களுக்குள் மூன்று பேருக்கு மேல் அறிமுகம் வேண்டாம். முதல் நாலு அத்தியாயங்களில் இரண்டு ஒரே ஆளுக்குப் போகட்டும். உங்களுக்கு அது கரைக்காவல் பெண் என்பேன். இரண்டாம் அத்தியாயம் ஓலைக்காரன், மூன்றாவதில் மறுபடி அவள், நாலாவது மாணவி. தளபதி எட்டாவதுக்கு மேல் வரலாம். ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் இரண்டு வரிக்குள் யார், எங்கே என்பது விழுந்துவிட வேண்டும். தலைப்பில் பெயரைப் போட்டால் போதும் என்று விடாதீர்கள், தலைப்பைப் பலர் படிப்பதில்லை. எல்லா அத்தியாயத்தையும் கத்தி கழுத்தில் இருக்கும்போது நிறுத்தாதீர்கள். நாலில் ஒன்று போதும். எல்லாமே அப்படி நின்றால், தனக்குப் பிடித்த ஆளைத் தேடி வாசகர் நடுவில் இருக்கும் மூன்றையும் புரட்டிவிடுவார்.

கோணம் உள்ள ஒருவரைச் சாகடிக்கும் எண்ணம் இருந்தால், அவர் விட்டுப்போகும் இடத்தில் நிற்கப்போகிறவருக்கு அதற்கு முன்பே மூன்று அத்தியாயமாவது கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பகுதிக் கதையையும் சேர்த்துப் புதைத்துவிடுவீர்கள். முன்னுரை அத்தியாயத்தில் ஒருவனைக் காட்டி அதிலேயே கொன்றுவிடும் பழக்கத்தையும் விடலாம். வாசகரின் முதல் பத்துப் பக்க அக்கறை வீணாகப் போகிறது.

மிச்சம் இருப்பவர்கள்: எதிரி அரசனுக்குக் கோணம் வேண்டாம், தூரத்தில் இருக்கும்வரைதான் அவன் மேல் பயம். ஆடும் பெண்ணும் வணிகனும் உங்களுக்குப் பிரியமானவர்கள் என்று கேள்வியிலேயே தெரிகிறது. அவர்களை இடையீடுகளாக வைத்துக்கொள்ளுங்கள். பாகம் முழுவதற்கும் மூன்று, ஒவ்வொன்றும் 800 சொல்லுக்குள், தனித் தலைப்போடு. வணிகன் கப்பலில் உப்பு ஏற்றும்போது விலை ஏன் இரட்டிப்பானது என்று யோசிப்பது ஒன்றாகலாம். அவனுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை. இடையீடு ஒன்று 1,500 சொல்லைத் தாண்டினால், அந்த ஆள் ஐந்தாவது கோணமாக உள்ளே வரப் பார்க்கிறார் என்று அர்த்தம். அப்போது நோட்டை எடுத்து நாலு கட்டத்தில் அவர் பெயர் எங்கே விழுகிறது என்று மறுபடி பாருங்கள். விழுந்தால் இருப்பவரில் ஒருவரை எடுத்துவிட்டு அவரைச் சேருங்கள். அனேகமாக வெளியே போகவேண்டியவன் தளபதியாக இருப்பான்.